முதல் சாறு இறங்கும்வரை

நள்ளிரவு தாண்டிவிட்டது. டிக்லியோ கணவாயிலிருந்து இறங்கும் மலைச்சாலையில் ஒரே ஒரு விளக்கு... செனோவியாவின் சூப்புக் கடை. எவரிஸ்தோ வாசலில் காரை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே வந்து அடுப்பருகே பொத்தென்று உட்கார்ந்தான்.

“காலி வண்டிதான்க்கா. ஆனா நாலு பேரை ஏத்தின மாதிரி முக்குது.”

“முக்குறது டர்போவா, நீயா?” என்றான் லாரிக்காரன் மெலித்தோன். அடுப்பைச் சுற்றி முடங்கியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பிலும் தூக்கம் இருந்தது.

எவரிஸ்தோ, களைப்புக்கு மெல்லும் கோக்கா இலையை ஒரு வாய் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். இந்த மலையில் டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கடிகாரம். காலையில் எஞ்சினைப் போட்டதும் கிளம்பக் கூடாது. உறைந்து கிடக்கும் எண்ணெய் இளகி டர்போவரை ஏற வேண்டும். மலையேறி நிறுத்தும்போதும் அப்படித்தான். எஞ்சின் துப்பும் சூடான புகைதான் டர்போவின் சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அந்தச் சக்கரத்தின் கூடு தணலாகச் சிவந்திருக்கும். சட்டென்று அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சக்கரம் நிற்காது. உள்ளே தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். அதனால் இலையின் முதல் சாறு தொண்டையில் இறங்கும்வரை எஞ்சின் ஓட வேண்டும்.

“சாறு இறங்கினதும் அணைச்சுடுவதானே?” என்றாள் செனோவியா.

“இல்லக்கா. கண்ணு ரெண்டும் எரியுது. ஹீட்டரைப் போட்டு வண்டியிலயே படுத்துடுறேன். விடியிற வரைக்கும் ஓடட்டும்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “என் தங்கச்சி புருஷன் சபினோவும் இதைத்தான் சொன்னான்.”

அவள் சொல்லத் தொடங்கினாள்.

இதே மாதிரி ஒரு ராத்திரி. கணவாய் உச்சியில் சாலையோரம் ஒரு சிலுவை நிற்கிறதே, அங்கே. டர்போ ஆறட்டும் என்று காரில் உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர், அப்படியே செத்துக் கிடந்த இடம் அது. பனி புகைக்குழாயை மூட, புகை உள்ளே திரும்பிவிட்டது. சபினோவுக்கும் அது தெரியும். ஆனால் உடம்பு கேட்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றினான். கதவுகளைப் பூட்டினான். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது... தூங்கிப்போனான்.

விழித்தபோது ஒரு சத்தமும் இல்லை. சூடான இரும்பு ஆறும் சத்தம் மட்டும். டிக்... டிக்... தலை பிளந்தது. கரிந்த எண்ணெய் வாடை. கதவுகள் நான்கும் உள்ளிருந்து பூட்டியபடியே இருந்தன. சாவியைக் காணவில்லை.

சாவி சிலுவையின் ஆணியில் தொங்கியது. காருக்கும் சிலுவைக்கும் நடுவில் இருந்த பனியில் ஒரு காலடி கூட இல்லை.

“டர்போ போச்சேன்னு கத்தியிருக்கான். அப்புறம்தான் பின்னால போய்ப் பார்த்தான்... புகைக்குழாய் வாய் பூரா பனி. இறுகிப் போய்.”

“நல்ல பேயா இருக்கே,” என்றான் மெலித்தோன். “என் லாரியையும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லு.”

“சிரிக்காத. அதுக்கப்புறம் எத்தனையோ வண்டியை அந்தச் செத்த டிரைவர் அணைச்சிருக்கான். உள்ள ஆள் இருந்தா மட்டும். காலி வண்டியை அவன் தொட்டதே இல்ல.”

எவரிஸ்தோ முகத்தைத் தேய்த்துக்கொண்டான். “சரிக்கா, இங்கயே ஒரு ஓரமா படுத்துக்குறேன். சாறு இறங்கிடுச்சு. போய் அணைச்சுட்டு...”

வெளியே எஞ்சின் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம்... டிக்... டிக்...

“டேய், யாரை உள்ள விட்டுட்டு வந்த?” மெலித்தோனின் குரல் இறங்கியிருந்தது.

“யாரும் இல்ல. காலியாத்தான்...” எவரிஸ்தோ வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

செனோவியா களைப்போடு எழுந்தாள். அலமாரியிலிருந்து இன்னும் நாலு கிண்ணங்களை எடுத்து வைத்து, சூப்பை ஊற்றத் தொடங்கினாள்.