அளவு தாண்டாமல்

அக்கா: பேசாம அந்தச் சொல்லைத் தூக்கிடுடா.

தம்பி: இங்கிலீஷ்-தமிழ் அகராதியிலிருந்து ஒரு சொல்லைத் தூக்குறது, பழைய பேப்பரை எடைக்குப் போடுற மாதிரி இல்லக்கா.

அக்கா: செத்த சொல்லுன்னு நீயேதானே குறிச்சிருக்க?

தம்பி: வழக்கொழிந்ததுன்னு குறிச்சிருக்கேன்.

அக்கா: ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு டைப் அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சுபோச்சு. சாயங்காலம் அச்சகத்திலிருந்து ஆள் வந்து நிப்பான்.

தம்பி: ஒரு தடவை வாய்விட்டுப் படி. நீ அடிச்சதுதான்.

அக்கா: "மெத். பெயர்ச்சொல். வழக்கொழிந்தது. மிதம்." ... இந்த வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு இதைப் படிக்கச் சொல்ற பாரு.

தம்பி: அந்த மெத் வேற. அது போதைப்பொருள் பேரைச் சுருக்கினது. இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ். 'மேத்'துன்னு நீட்டிச் சொல்லணும்.

அக்கா: எழுத்து?

தம்பி: ... இங்கிலீஷ்ல அதே நாலு எழுத்துதான்.

அக்கா: அப்புறம் என்ன? அகராதி வாங்குறவன் நீட்டிப் பார்த்தா படிக்கப்போறான்? நம்ம பாஷையில மெத்தன்னா ரொம்ப. அங்க மிதமாம். மெத்தப் படிச்சவன் நீ, உனக்குத்தான் விளங்கும்.

தம்பி: கிண்டல் பண்ணாத. ஆரம்பத்துல அதுக்கு அளவுன்னு மட்டும்தான் அர்த்தம். அப்புறம் ஒருத்தனோட தகுதி, அவனுக்குச் சேர வேண்டிய மரியாதை...

அக்கா: அளவு எப்படிடா மரியாதை ஆகும்?

தம்பி: 'அவர் அளவுக்கு நாம இல்ல'ன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. அதுலேர்ந்து, அளவோட நடந்துக்கிறது. கடைசியா, இரக்கம்.

அக்கா: இரக்கமா?

தம்பி: அடிக்கிற கை அளவோட நின்னா, அடி வாங்குறவனுக்கு அது இரக்கம்தானே.

அக்கா: ... இவ்வளவு நல்ல சொல்லு ஏன் செத்துச்சு?

தம்பி: வெளியிலிருந்து வந்த வேற சொற்கள் இதோட இடத்துல உட்கார்ந்துக்கிச்சு. ஒருநாள் யாரும் அதைக் கூப்பிடல. அவ்வளவுதான். சொல்லு சத்தம் போட்டுச் சாகாதுக்கா.

அக்கா: சத்தம்னதும்தான்... உள்ள சத்தமே இல்ல பாரு.

தம்பி: சின்னவன் தூங்குறான் போல.

அக்கா: தூங்கட்டும். காலையில கதவை இடிச்ச இடிக்கு, கீழ்வீட்டுக்காரங்க படியேறி வந்துட்டாங்க. நீ அச்சகத்துக்குப் போயிருந்த. 'யாரைப் பூட்டி வெச்சிருக்கீங்க'ன்னு கேக்குறாங்க.

தம்பி: என்ன சொன்ன?

அக்கா: ஜுரம், பினாத்துறான்னேன். கூடப் பிறந்தவன் அந்தக் கருமத்தை இழுத்து இழுத்து இப்படி ஆயிட்டான், வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு நாங்களே பூட்டி வெச்சுப் பார்க்குறோம்னா சொல்லமுடியும்?

தம்பி: நான் வந்தப்பவும் இடிச்சுக்கிட்டுதான் இருந்தான். டீ கொடுத்தேன், குடிச்சான்.

அக்கா: டீயா? ... நான் பாலும் கொடுத்தேனே.

தம்பி: குடிக்கட்டும். உடம்புல என்ன இருக்கு அவனுக்கு.

அக்கா: ஆமா. என்ன இருக்கு.

தம்பி: இந்தச் சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்ததே அவன்தான், தெரியுமா?

அக்கா: யாரு, சின்னவனா?

தம்பி: பழக்கம் இவ்வளவு முத்தாத சமயம். ஏதோ பழைய புத்தகத்துல பார்த்துட்டு ஓடி வந்தான். 'அண்ணே, நான் மிதமாத்தான் எடுக்குறேன், உங்க அகராதியே சாட்சி'ன்னான்.

அக்கா: நீ என்ன பண்ணின?

தம்பி: சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

அக்கா: ... சரி, தூக்காத. இருக்கட்டும்.

தம்பி: ஏன், மனசு மாறிடுச்சா?

அக்கா: எந்திரிச்சதும் இந்தப் பக்கத்தை அவன்கிட்ட காட்டலாம். ரொம்ப நேரமாத் தூங்குறான், இல்ல?

தம்பி: ராத்திரி பூரா முழிச்சிருந்தான்ல.

அக்கா: அவனுக்குக் கொடுக்குற தூக்க மாத்திரை... டாக்டர் ராத்திரிக்கு மட்டும்தானே சொன்னாரு?

தம்பி: ராத்திரிக்கு ஒரே தடவை. அளவு தாண்டினா இந்த உடம்பு தாங்காது, மூச்சு அடங்கிடும்னாரு. ஏன் கேக்குற?

அக்கா: சும்மா. சாவியைக் கொடு, பார்த்துட்டு வரேன்.

தம்பி: நீ இரு. நான் பார்க்குறேன்.

அக்கா: கொடுடா சாவியை.

தம்பி: ... இந்தா.

அக்கா: சின்னவா... டேய்... கண்ணு, எந்திரி. எழுப்பினா முனகவாவது செய்வானே...

தம்பி: தோளைப் பிடிச்சு உலுக்கு.

அக்கா: கை சில்லுன்னு இருக்குடா. நீ வா. மூக்குல விரல் வெச்சுப் பாரு. எனக்குத் தெரியல.

தம்பி: இரு, நெஞ்சுல காது வெச்சுப் பார்க்குறேன்.

அக்கா: சொல்லேன்டா.

தம்பி: அக்கா... பால்ல ஏதாவது போட்டியா?

அக்கா: அந்த இடி தாங்கலடா. கீழ்வீட்டுக்காரங்க போலீஸ்னு வேற சொன்னாங்க. பகல்ல ஒரு தடவை கொடுத்தா என்ன ஆயிடப்போகுதுன்னு... டாக்டர் சொன்ன அளவுதான். நுணுக்கி, பார்த்துப் பார்த்துப் போட்டேன். அளவு தாண்டல. ஏன் என்னை அப்படிப் பார்க்குற?

தம்பி: டீயில நான் போட்டேன்க்கா... நானும் அளவு தாண்டல.