இழுப்பறையில் எட்டு மாதம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் சார், எனக்கு இரண்டு நாளாகச் சளி. மற்றபடி நீங்கள் கேட்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் இருபத்தாறு வருஷமாக வக்கீல் குமாஸ்தா நான். வாக்குமூலம் கொடுக்க யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மருதையன் மகன் துரைராசு சவுதியிலிருந்து வந்து புகார் கொடுத்திருக்கிறான். அவன் சொல்வதெல்லாம் உண்மை. அவனுக்குக் கோர்வையாகச் சொல்லத்தான் வரவில்லை.

ஜன்னத் பீவியின் மூன்று மா நிலத்தை ரைஸ்மில்காரர் ஒருவர் வளைத்துப் போட்டிருந்தார். பதினோரு வருஷம் வழக்காடி, நிலம் அந்த அம்மாளுடையது என்று டிக்ரி வாங்கினோம். நிலத்தைக் கையில் எடுப்பதற்குள் மகன் அஸார் அவரைப் பினாங்குக்குக் கூப்பிட்டுவிட்டார். மருதையன் முன்பு அதைக் குத்தகைக்கு உழுதவன். "நீ பாடுபட்ட மண்ணு மருதையா, டிக்ரிய நீயே வாங்கிக்க" என்றார் அந்த அம்மாள். துரைராசு அனுப்பிய பணம் கைமாறியது. டிக்ரியை மருதையன் பேருக்கு மாற்றும் மேடோவர் பத்திரத்தை நான்தான் எழுதினேன். தொண்ணூற்றைந்து, தை மாதம். ஓர் அடித்தல்கூடக் கிடையாது.

நிலத்தைத் தொடும் டிக்ரியை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் பதிவு செய்தாக வேண்டும். நாலு மாதம் கெடு. அபராதத்தோடு இன்னும் நாலு மாதம். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. "கோர்ட்டே முத்திரை வச்சுக் குடுத்திருக்கு. அதுக்கு மேல ரிஜிஸ்தர் ஆபீஸ் என்னத்தங்க சொல்லப்போவுது?" என்று கேட்டது மருதையன்தான். எங்கள் பக்கத்துச் சனங்களுக்குக் கோர்ட்டு முத்திரை மேல் அப்படியொரு பக்தி. நான் பொய் சொல்லவில்லை, தலையாட்டினேன். "பத்திரம் உங்ககிட்டயே இருக்கட்டுங்க, கூர வீட்டுல எலி கடிச்சிடும்" என்று அதையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நிலம் எப்போது கைக்கு வரும் என்று மாதம் இரண்டு முறை வந்து கேட்பான். "நடந்துகிட்டிருக்கு" என்பேன். புரட்டாசியில் எட்டு மாதக் கெடுவும் முடிந்தது. மறுவாரமே, டிக்ரிப்படி நிலத்தை எடுத்துத் தரச் சொல்லி அவனுக்காக நிறைவேற்று மனுப் போட்டேன். பதிவாகாத பத்திரம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், தள்ளுபடியானது. ஜன்னத் பீவி அதற்குள் பினாங்கில் மௌத்தாகிவிட்டார், புதிதாக எழுதிக்கொடுக்க ஆளில்லை. ஒரே வாரிசான அஸார் ஊருக்கு வந்தார். பழைய பத்திரம் செல்லாது என்று விளக்கினேன். டிக்ரியை என் மனைவி பேருக்கு எழுதிக்கொடுத்தார். மறுநாளே பதிவு செய்துவிட்டேன். கோர்ட்டு மூலம் நிலமும் கைக்கு வந்தது.

மருதையன் பாவம் என்றார் அஸார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கும் அந்த மூன்று மாவில் வரப்பு ஓரம் அண்டை வெட்டுவது அவன்தான், கூலிக்கு. "எல்லாம் என் வாயாலதான் கெட்டுது" என்று பெண்டாட்டி எல்லையம்மாளிடம் சொல்லி அழுவானாம். ஆறு வருஷமாக என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நில ஆசையா என்கிறீர்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு வேலி, இருபது மா நிலம் இருக்கிறது சார். பத்திரம் எழுதிய அன்று ஜன்னத் பீவி, "இனிமே நீ நெலத்துக்காரன், நிக்காத, உக்காரு" என்றார். மருதையன் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். எங்கள் அப்பா காலத்தில் களத்து ஓரமாக நின்று கூலிநெல் வாங்கிப்போன குடும்பம். கையில் மகன் அனுப்பிய கடிகாரம். அதைத் திருப்பி மணி பார்த்தான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எட்டு மாதமும் தெரிந்தே, நாள் எண்ணித்தான் பூட்டி வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கிறவன் இல்லை நான். இப்போதும் மருதையன் வந்தால் உட்காரத்தான் சொல்கிறேன். அவன்தான் உட்காருவதில்லை.