இ பிரிவு

சாயங்காலம் ஆறரை மணி. உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்... சொட்... சொட்... ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். அவள் கைப்பைக்குள் ஒரு சுத்தியல் இருந்தது.

யார் அங்கே சிரிக்கிறது? கதவோரம் உட்கார்ந்திருக்கிறவரா? நன்றாகச் சிரியுங்கள். கதை முடிந்ததும் தண்ணீர் எடுத்துவர உங்களைத்தான் சமையலறைக்கு அனுப்பப் போகிறேன். தனியாக.

அந்தப் பெண் என் நண்பனுடைய சித்தி. கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களைத் தட்டிப் பார்த்து, எது நிற்கும், எது விழும் என்று சொல்வதுதான் அவள் தொழில். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் சுத்தியல் சித்தி. யாராவது புது வீடு கட்டி ஆசையாகக் கூப்பிட்டால், காபி வருவதற்குள் நாலு சுவரைத் தட்டிவிட்டு, “அண்ணா, இந்தச் சுவர்ல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டு வருவாள்.

தட்டுவதில் என்ன தெரியும் என்கிறீர்களா? எல்லாமே தெரியும். திடமான சுவர் ‘டங்’ என்று சொல்லும். உள்ளே கலவை பொடிந்து வெற்றிடமாகிப் போன சுவர் ‘பொத்’ என்று சொல்லும். வெளியே எவ்வளவு அழகாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் சரி, அந்தப் ‘பொத்’தை மறைக்க முடியாது.

சித்திக்கு ஒரே மகன். ஒன்பதாம் வகுப்பு. மீசை அரும்பத் தொடங்கிவிட்டது, ஆனாலும் ராத்திரி படுக்கும்போது அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டாமல் அவளுக்குத் தூக்கம் வராது. “டங்குன்னு இருக்கேடா. நல்ல சுவர்” என்பாள். “போம்மா, நான் என்ன பள்ளிக்கூடமா?” என்று அவன் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவன் படித்தது அதே உயர்நிலைப் பள்ளியில்தான். அதனால்தான் அந்த வேலை வந்தபோது, சம்பளம் கம்மி என்று தெரிந்தும் ஒத்துக்கொண்டாள். மகன் உட்காருகிற கூரையை வேறு யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வதை நம்ப அவளுக்கு மனசில்லை.

வேலை இதுதான். பள்ளிக்கூடம் முழுக்கப் பழசு. ஒரேயடியாக இடித்துக் கட்டப் பணமும் இல்லை, பிள்ளைகளை உட்கார வைக்க வேறு இடமும் இல்லை. ஆகவே பதினைந்து வருஷத்துக்கு ஒரு திட்டம் போட வேண்டும். முதலில் எந்தக் கட்டடம், அப்புறம் எது, கடைசியில் எது. பகலில் வகுப்பு நடக்கும்போது தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மணி அடித்து எல்லோரும் போன பிறகுதான் சித்தி போவாள். கூட அளவு நாடா பிடிக்க ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். டேப்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

முன்கட்டு பரவாயில்லை. நடுக்கட்டும் பரவாயில்லை. விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பின்கட்டு, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் ஒரு வாடை. வௌவால் எச்சம், நனைந்த சுண்ணாம்பு, அப்புறம்... அப்போதுதான் எழுதி அழித்த மாதிரி சாக்பீஸ் வாடை. பூட்டிக் கிடந்த அறையில் அது எப்படி வரும்?

சித்தி கோடி அறையின் சுவரில் சுத்தியலை வைத்தாள்.

பொத்.

உள்ளேயிருந்து என்னவோ முனகியது. “...ளேன்.”

“புறாவா?” என்றாள்.

டேப்காரர் நாடாவோடு வாசல்வரை பின்வாங்கினார். இன்னொரு முறை தட்டினாள். பொத். “...ளேன்.” கொஞ்சம் தள்ளித் தட்டினாள். “...ளேன்.” ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று. ஒன்று மெல்லிய குரல். ஒன்று கட்டைக் குரல். புறா அப்படிக் குரல் மாற்றிப் பேசுமா என்ன?

சித்தி பயந்த சுபாவம் கிடையாது. சுவருக்குள் காற்று ஓடுகிறது என்று முடிவு கட்டினாள். கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கதவை ஒட்டிய சுவரில் பெரிதாக ‘இ’ என்று எழுதினாள். அவள் கணக்கில் ‘பூ’ என்றால் பூச வேண்டிய சுவர். ‘இ’ என்றால் இடிக்க வேண்டியது. எல்லாத் தளத்திலும் அப்படித்தான் எழுதுவாள்.

“அந்த எழுத்து வேண்டாம் மேடம்” என்றார் டேப்காரர்.

“ஏன்?”

“இங்க அந்த எழுத்த யாரும் எழுதுறதில்ல. நீங்க கவனிக்கலையா? இந்தப் பள்ளிக்கூடத்துல அ பிரிவு இருக்கு, ஆ பிரிவு இருக்கு. அடுத்தது ஈ. நடுவுல இ கிடையாது. நான் படிச்ச காலத்துலயே கிடையாது.”

சித்திக்கு அது தெரியும். அவள் மகனே ஈ பிரிவுதான். மற்ற பிள்ளைகள் கையை ஆட்டி ஈ ஓட்டுகிற மாதிரி கேலி செய்கிறார்கள் என்று வீட்டில் வந்து குறைபட்டிருக்கிறான். ஏன் என்றுதான் அவள் கேட்டதில்லை.

“அதுக்கு முன்னாடி இருந்துச்சாம்” என்றார் டேப்காரர். “இந்த அறைதான். மழை நாள்ல இந்தச் சுவர் சரிஞ்சு... வாத்தியார் வருகைப்பதிவு எடுத்துட்டிருந்தாராம். அப்புறம் இதே செங்கல எடுத்துத்தான் திரும்பக் கட்டினாங்க.”

“உள்ள இருந்த பிள்ளைங்க?”

அவர் நாடாவை விறுவிறுவென்று சுற்றினார். “இருட்டிடுச்சு மேடம். கிளம்பலாமா?”

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், சாக்பீஸ் எழுத்து அழிந்திருந்தது. அழித்த இடத்தில் உள்ளங்கைத் தடம். சின்ன உள்ளங்கை. பூட்டின சாவி சித்தியின் கைப்பையில்தான் இருந்தது. திரும்ப எழுதினாள். அதற்கு அடுத்த நாளும் அழிந்திருந்தது. இந்த முறை தடம் ஒன்றல்ல... சுவர் முழுக்க.

சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. பிடிவாதக்காரி. சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்து, அதே இடத்தில் இரண்டு அடி உயரத்துக்கு எழுதினாள். இ. “இப்ப அழிங்க பார்ப்போம்” என்றாள்.

அதை யாரும் அழிக்கவில்லை.

திட்டக் கூட்டம் நடந்தது. பின்கட்டைத்தான் முதலில் இடிக்க வேண்டும் என்று சித்தி தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாள். பள்ளியின் தாளாளருக்கு அது ரசிக்கவில்லை. “யார் கண்ணுலயும் படாத கட்டடத்துக்கு முதல்ல செலவு பண்ணினா, அடுத்த தவணைக்கு எவன் பணம் தருவான்? ரோட்டைப் பார்த்த முன்கட்டு முதல்ல. பின்கட்டு கடைசியில” என்றார். பேசிப் பேசி, கடைசியில் சித்தி இறங்கி வந்தாள். “சரி சார். கடைசிலயே இருக்கட்டும். ஆனா அதுவரைக்கும் பூட்டு திறக்கக் கூடாது.” அப்போதிருந்த தலைமையாசிரியர் தலையாட்டினார். வாய் வார்த்தைதான். யாரும் எழுதி வைக்கவில்லை. கோடை விடுமுறையில் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. முன்கட்டில் வேலை தொடங்கியிருந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியை நல்ல மனுஷி, சுறுசுறுப்பானவர். அன்று சாயங்காலம் மகன் வீட்டுக்கு வரும்போதே குதித்துக்கொண்டு வந்தான். “அம்மா! புது எச்.எம். எங்க பேரை மாத்திட்டாங்க! ‘பிள்ளைங்கள ஈன்னு கேலி பண்ற மாதிரி யார் பேர் வச்சது’ன்னு திட்டிட்டாங்க. இனிமே நாங்க ஈ இல்ல, இ!”

சித்தி சிரித்தாள். பாவி, சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. சித்தி முன்கட்டில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி உதவியாளர் தலையில் ஒரு பெஞ்சைச் சுமந்துகொண்டு மைதானத்தைக் கடந்து போனார். பின்கட்டுப் பக்கம்.

“அண்ணே, பெஞ்ச எங்க கொண்டு போறீங்க?”

“முன்கட்டுப் பிள்ளைங்களுக்கு இடம் பத்தல மேடம். எச்.எம். பூட்ட உடைச்சுப் பின்கட்டத் திறக்கச் சொன்னாங்க. எந்த வகுப்ப எங்க போடுறதுன்னு குழம்பவே வேண்டியதில்ல... அதான் நீங்களே கதவுக்குப் பக்கத்துல செவப்பா எழுதி வச்சிருக்கீங்களே, இ பிரிவுன்னு.”

சித்தி ஓடினாள். சேற்றில் செருப்பு போனது தெரியவில்லை. மைதானத்தின் நடுவிலேயே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வகுப்பாசிரியர் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர். “உள்ளேன் ஐயா.” இன்னொரு பெயர். “உள்ளேன் ஐயா.” அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவருக்குள் கேட்டது புறா இல்லை. காற்றும் இல்லை. அவள் தட்டியதை, அன்று அங்கே புதைந்த பிள்ளைகள் தங்கள் பெயரைக் கூப்பிடுவதாக நினைத்திருக்கிறார்கள்.

“வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!”

கத்தின கத்தில் பிள்ளைகள் பைகளை விட்டுவிட்டு முண்டியடித்து ஓடி வந்தார்கள். அவள் மகன் கடைசி பெஞ்சு. சுவரோரம். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். எழுந்தவன் யாரோ கையைப் பிடித்து நிறுத்தின மாதிரி திரும்பிப் பார்த்தான்...

சுவர் உட்கார்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி. அவ்வளவுதான். வெள்ளையாகப் புழுதி.

அந்தப் புழுதிக்குள்ளிருந்து மகன் வந்தான். ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்தான். தலை முதல் கால் வரை வெள்ளை. ஒரு கீறல் இல்லை. சித்தி பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கை ஜில்லென்றிருந்தது. மழையாயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பாசிரியர் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் திரும்பவும் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக “உள்ளேன் ஐயா” என்றார்கள். மகனுடைய பெயர் வந்தது.

“உள்ளேன் ஐயா.”

அவன் குரல்தான். பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் அது பக்கத்திலிருந்து வரவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து வந்தது. சித்தி திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் உதடு மூடியிருந்தது.

மழைச் சத்தத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. சித்தி மட்டும் அந்தக் குவியலில் விழுந்து வெறுங்கையால் செங்கல்லைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. டேப்காரர்தான் இழுத்துப் பிடித்தார். “மேடம்... எல்லாப் பிள்ளைங்களும் வந்தாச்சு. உங்க பையன் இதோ நிக்கிறான். யாரத் தேடுறீங்க?”

அவள் அவர் கையை உதறினாள். கடைசி வரை விடவில்லை. இயந்திரம் வந்து கடைசிக் கல் வரை அள்ளியது. கீழே ஒன்றும் இல்லை. வெறும் தரை. அந்தத் தரையைக்கூட அவள் தட்டிப் பார்த்தாள். டங் என்றது.

இருங்கள். விளக்கை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள். இனி கொஞ்சம்தான்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசை. சித்தப்பா அக்கம்பக்கத்தாருக்குப் போனில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். “ஒண்ணும் ஆகலைங்க. ஒரு சிராய்ப்புகூட இல்ல.” மகன் எதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குளித்தும் தலைமுடியில் வெள்ளை போகவில்லை. சாக்பீஸ் வாடை அடித்தது. தனக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று சித்தி தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளை முழுசாகத் திரும்பி வந்திருக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

அவனுக்குப் புரையேறியது. இருமினான். எந்தத் தாயும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். எழுந்து போய் முதுகில் தட்டினாள்.

பொத்.

சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் சுவர் தட்டிய காது. தப்பாகக் கேட்க வழியே இல்லை. அந்த முதுகுக்கு உள்ளேயிருந்து, வெகு ஆழத்திலிருந்து, அவள் கேட்டே அறியாத ஒரு சின்னக் குரல் சொன்னது.

“உள்ளேன் ஐயா.”

மகன் இருமுவதை நிறுத்திவிட்டான். திரும்பாமலே, மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

“இன்னொரு தடவை தட்டுங்க ஐயா. இன்னும் நிறைய பேர் இருக்கோம்.”