டெல்மரின் கட்டைவிரல்

டெல்மர்: ...இன்னும் எவ்வளவு நேரம்டா? இடுப்பு விட்டுப்போச்சு. நிஜக் குதிரைன்னா அதுவாவது கொஞ்சம் அசையும். இந்த மரக்குதிரை மேல சேணத்தப் போட்டு உக்கார வச்சு...

ஓரின்: அசையாதண்ணே. தொப்பியக் கொஞ்சம் இறக்கு. இன்னும்... ஆங், அப்படியே இரு.

டெல்மர்: முப்பத்தோரு வருஷமா தொப்பிய இறக்கச் சொல்ற. என் மூஞ்சி அவ்வளவு மோசமா?

ஓரின்: மூஞ்சிய எவன் கேக்கறான். படம் வாங்கறவனுக்குத் தொப்பி போதும்.

டெல்மர்: அந்த மியூசியக்காரி என்ன ஆனா? வர்றேன்னு கடுதாசி போட்டிருந்தாளே. நீ அதப் பத்தி வாயே தெறக்கல.

ஓரின்: வலது கையத் தூக்கு.

டெல்மர்: ஓரின்.

ஓரின்: ...வேணாம்னுட்டா.

டெல்மர்: பத்துப் படத்தையுமா?

ஓரின்: பத்தையும். போன வாரம் நேர்ல வந்துதான் சொன்னா. ஷானன்னு பேரு. நல்ல பொம்பளதான். காபி குடிச்சா, நீ குடுத்த காட்டுச்செர்ரி ஜாம நாலு பிஸ்கட்ல தடவித் தின்னா. அப்புறம் கைய நல்லாத் தொடச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தா.

டெல்மர்: பாத்துட்டு?

ஓரின்: உங்க படத்துல யாருக்கும் எதுவும் ஆகறதே இல்லன்னா. வேலி இல்ல, கேட்டு இல்ல, கரண்ட் கம்பம் இல்ல, ஒரு குதிரையாவது நொண்டல. சூரியன் எப்பப் பாத்தாலும் பாதி எறங்கி நிக்குது. ஓட்டல்ல மாட்டினா நல்லா இருக்கும், ஆனா அம்பது வருஷம் கழிச்சு எங்க சுவத்துல நிக்குமான்னு கேட்டா... நிக்காதுன்னா.

டெல்மர்: வேலி இல்லாமத்தான் மாடு மேச்சோமாக்கும். பாதி நாள் வேலி கட்டறதுதானே பொழப்பு.

ஓரின்: நீயும் அவ பக்கமா?

டெல்மர்: சும்மா சொன்னேன்டா. ஆசப்பட்டுத்தான வாங்கறாங்க. அந்த ஒமாஹா ஊரு பல் டாக்டரு ஏழு படம் வாங்கினான். உங்க மோன்டானான்னா இதுதான்னு கண்ணு கலங்கினான்.

ஓரின்: அவன் கண்ண மூடினதும் ஏழும் கராஜுக்குப் போயிடும். எனக்கு எழுபது நெருங்குதுண்ணே. பிள்ளை குட்டி கெடையாது. யாரும் கழட்டாத ஒரு சுவத்துல, ஒரே ஒரு படம். அவ்வளவுதான் கேக்கறேன்.

டெல்மர்: அப்ப இது யாருக்கு? எதுக்கு என்னைய வரச் சொன்ன?

ஓரின்: வெளிய போகும்போது வாசல்ல நின்னு சொன்னா. நீங்க கண்ணால பாத்தது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு வரைஞ்சு வைங்க, அடுத்த வியாழக்கிழமை வர்றேன்னு... கையுறையக் கழட்டிடுண்ணே.

டெல்மர்: கழட்டணுமா? எப்பவும் போட்டுக்கத்தான சொல்லுவ.

ஓரின்: இன்னிக்குக் கழட்டு.

டெல்மர்: இந்தா. பாத்துக்க, நாலு விரலு. உன் படத்துலதான் எனக்கு அஞ்சு. போன மாசம் ஆஸ்பத்திரில மாட்டியிருக்கற படத்தப் பாத்துட்டு ஒரு நர்ஸ் கேட்டா, இது நீங்களா, கட்டைவிரல் இருக்கேன்னு.

ஓரின்: என்ன சொன்ன?

டெல்மர்: அது என் தம்பின்னுட்டேன்.

ஓரின்: ...இந்தத் தடவ அது இல்லாமலே வரையலாம்னு பாக்கறேன். கயித்த எடுத்து, சேணத்துக்கு முன்னால நீட்டிட்டிருக்கே, அந்தக் கொம்புல சுத்து.

டெல்மர்: அன்னிக்குச் சுத்தின மாதிரியா?

ஓரின்: ஆமா.

டெல்மர்: அன்னிக்கு அவசரம்டா. இளங்காளை கேட்டத் தாண்டி ரோட்டப் பாக்க ஓடுது, எதிர்க்க லாரி வருது. நான் வீசின கயிறு அது கழுத்துல விழுந்துடுச்சு. இந்தச் சேணக் கொம்புல ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள அது இழுத்துடுச்சு, கட்டைவிரலு நடுவுல மாட்டிக்கிச்சு. மொதல்ல வலிக்கவே இல்ல. கையுறையப் பாத்தா அந்த எடம் மட்டும் காணோம்.

ஓரின்: கேட்டுச் சங்கிலி தேஞ்சு போயிருந்ததுன்னு பண்ணை முதலாளி சொன்னாரு.

டெல்மர்: ஆமா. சொன்னாரு.

ஓரின்: தேயலண்ணே. நான்தான் மாட்டல. காலைல நீ சேணத்த இறுக்கிட்டு நின்ன. வெயிலு சாஞ்சு உன் மேல விழுந்தது. நோட்ட எடுத்தேன். ரெண்டு நிமிஷம், வரைஞ்சிட்டு சங்கிலிய மாட்டிக்கலாம்னு... மறந்துட்டேன். அப்புறம் எல்லாரும் சங்கிலி, சங்கிலின்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்.

டெல்மர்: ம்.

ஓரின்: எந்தப் படம் ஆரம்பிச்சாலும் மொதல்ல அந்த விரலத்தான் வரைவேன். குதிரை, மலை, சூரியன் எல்லாம் அப்புறம். அது அந்த ஷானன் கண்ணுல பட்டுடுச்சு. இந்தக் கை மட்டும் ஏன் இவ்வளவு கவனமா இருக்குன்னு கேட்டா. நான் ஜாம் இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேட்டேன்... ஏதாவது சொல்லுண்ணே. திட்டவாவது செய்யி.

டெல்மர்: என் சட்டப் பையில பர்ஸ் இருக்கு, எடு.

ஓரின்: எதுக்கு?

டெல்மர்: நான் அசையக் கூடாதுன்னு நீதான சொன்ன. எடுடா. உள்ள ஒரு காகிதம் மடிச்சிருக்கும். பாத்து... மடிப்புல கிழிஞ்சிடும்.

ஓரின்: இது... என் நோட்டுக் காகிதம்ணே.

டெல்மர்: ஆஸ்பத்திரிலேந்து வந்த மறுநாள் கேட்டுப் பக்கம் போனேன். வேலி முள்ளுல மாட்டி ஆடிட்டிருந்தது. நல்லாப் பாரு. நான் சேணத்த இறுக்கிட்டு நிக்கறேன். எனக்குப் பின்னால என்ன இருக்கு?

ஓரின்: ...கேட்டு.

டெல்மர்: எப்படி இருக்கு?

ஓரின்: தெறந்து கெடக்கு. நானே வரைஞ்சிருக்கேன்... அன்னியிலேந்து தெரியுமா உனக்கு? தெரிஞ்சிருந்துமா இத்தன வருஷமும் வந்து உக்காந்த?

டெல்மர்: கோவம் ரெண்டு வருஷம் இருந்தது. கிழிச்சுப் போடலாம்னு எத்தனயோ தடவ எடுத்தேன். ஆனா என் விரல, அது இருந்தப்பவே பாத்து வரைஞ்சது இந்தக் காகிதம் ஒண்ணுதான்டா, எப்படிக் கிழிக்கறது? வியாழக்கிழமை அவகிட்டக் காட்டு, ஆனா குடுத்துடாத, அது எனக்கு வேணும். அவ சுவத்துக்கு இந்த நாலு விரல் கைய வரை. கை மரத்துப் போகுது, சீக்கிரம்... பின்னால கேட்டையும் போடு. தெறந்தபடியே.