கோழி செட்டு மாறுமா?

இல்லீங்ணா, உள்ள வரலீங்க. கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேன். டயருக்கு மருந்துத் தண்ணி அடிக்காம வண்டிய உள்ள உடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? எப்படித் தெரியும்னா... தெரியுமுங்க, அத உடுங்க. நீங்க பாட்டுக்குக் கூண்டத் தேச்சுட்டே இருங்க, நான் பேசிட்டே இருக்கறேன். வெயிலெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க. சேலத்துல இருந்து ஸ்கூட்டிலயே வந்தவளுக்கு இந்த வெயிலு ஒரு வெயிலுங்களா?

கோகிலவாணிங்க. அன்னைக்குப் போன்ல பேசுனது நாந்தானுங்க. ஆமாங்க, உங்க போன்ல இருக்கற கோழிப்பண்ண ஆப்பு செஞ்ச அஸ்தம்பட்டி ஆபீஸ்.

பேப்பர் கொண்டாந்திருக்கறேனுங்க. ஒத்தப் பேப்பருதான். மறைக்காமச் சொல்லிப் போடறேன். கோழிய சின்ன செட்டுக் கொட்டாயில இருந்து பெரிய செட்டுக்கு மாத்துனப்ப ஆப்புல மறுபடியும் தேதி பதியாம உட்டது பண்ணக்காரர் மயில்சாமியோட தப்பு, அதனாலதான் ஊசி போடச் சொல்லி மணி அடிக்கல, கம்பெனிக்கு இதுல பொறுப்பில்லைன்னு எழுதியிருக்குது. கீழ நீங்க கையெழுத்துப் போடோணுமாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மீட்டிங்கு, அதுக்குள்ள வாங்கியாரச் சொல்லி பேனாவையும் கையில குடுத்து அனுப்புனாங்க.

மொறைக்காதீங்ணா. நான் எழுதுனதில்லீங்க அது.

ரெண்டாயிரத்து அறநூறு கோழிங்கறீங்க. தெரியுமுங்க. வெள்ளக்கழிச்சல் வந்தா ஒரு வாரந்தான், அள்ளிப் போட ஆளு பத்தாது. ஊட்டுல அக்காவும் போன்ல சொன்னாங்க, நீங்க சோறு சரியாத் திங்கறதில்ல, போன நம்பி நானே கொன்னுபோட்டேன், நானே கொன்னுபோட்டேன்னு பொலம்பிட்டிருக்கறீங்கன்னு. அதுக்கு மேல இதுல கையெழுத்தும் போட்டீங்கன்னா, ஆமா நாந்தான் கொன்னேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க.

நீங்க என்னைய ஒண்ணே ஒண்ணு கேட்டீங்க. உங்க கம்பெனில இதுக்கு யாரு பொறுப்பு, ஒரே ஒரு பேரச் சொல்லு புள்ளன்னு. கேட்டுச் சொல்றேன்னு போன வெச்சேன். பதினோரு நாளாச்சுதுங்க. வயித்தெரிச்சலா இருக்குது. ஒரு லாரின்னா ஓட்டறவன் யாரு, ஏத்துனவன் யாருன்னு சொல்லிப் போடலாம். எங்க டீம்ல அப்படியெல்லாம் சொல்லக்கூடாதாம். பொறுப்பு எல்லாருக்கும் பொதுவாம். ஆண்டிக கூடி மடம் கட்டுன கதைதான் போங்க.

இருங்க, ஒவ்வொருத்தராச் சொல்றேன். நந்தகுமார் சார்னு ஒருத்தர். பிராடக்ட் ஓனரு. ஓனர்னா மொதலாளி இல்லீங்க. உங்களுக்குப் பதிலா எங்க ரூமுல உக்காந்து பேசற ஆளு. பண்ணக்காரனுக்கு என்ன வேணும், எது மொதல்ல வேணும்னு மயில்சாமியா மாறி யோசிச்சுச் சொல்லோணும். அதுதான் அவரு வேல. வந்தாருங்களா இங்க? ஆங், அந்த வெள்ளக் காரேதான். கண்ணாடியக் கூட எறக்கல பாத்தீங்களா? ரெண்டு போட்டோ எடுத்துட்டு அப்படியே திருப்பிட்டாரு. அதுக்கப்புறம் எட்டு மாசம் எங்க ஆபீஸ்ல மயில்சாமி அவருதானுங்க.

அப்புறம் சத்யபிரியா மேடம், ஸ்க்ரம் மாஸ்டரு. பேரக் கேட்டா அதட்டி மேய்க்கற ஆளாட்ட இருக்குதுங்களா? அதெல்லாம் இல்ல. எங்க வேலைக்குக் குறுக்க கல்லு முள்ளு கெடந்தா எடுத்துப் போடறவங்க. தெனம் காலைல எல்லாரும் வட்டமா நிக்கோணும். நேத்து என்ன செஞ்ச, இன்னைக்கு என்ன செய்யப்போற, உனக்கு ஏதாச்சும் தடை இருக்குதான்னு ஒவ்வொருத்தரையும் கேப்பாங்க. பதினஞ்சே நிமிசம். போன்ல மணி வெச்சிருப்பாங்க. அது அடிச்சா பேசறவங்க பாதில நிறுத்திறோணும். உங்க ஊசிக்கு அடிக்காத மணி அங்க தெனமும் டாண்ணு அடிச்சுதுங்க.

நல்லவங்கதானுங்க. எல்லாரும் நல்லவங்கதான். அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

அறிவுன்னு ஒரு பையன். அவன்தான் ஆப்ப எழுதுனவன். சேலம் டவுன்லயே பொறந்து வளந்தவன், உசுரோட இருக்கற கோழிய பிரியாணிக்கு முன்னாடி பாத்ததே இல்லைம்பான். ஆனாக் கேட்டானுங்ணா! அவன் ஒருத்தன்தான் கேட்டான். போன ஆடியில ஒரு நாளு, வட்டமா நிக்கறோம், எனக்கு ஒரு தடை இருக்குதுன்னான். கோழி கடைசி வரைக்கும் ஒரே செட்டுல இருக்குமா, இல்ல செட்டு மாறுமான்னான். மாறும்னா தேதியக் கோழியோட அனுப்போணும், மாறாதுன்னா செட்டோட வெச்சாப் போதும், எதுன்னு சொல்லுங்கன்னு கேட்டான்.

சிரிக்காதீங்ணா. உங்களுக்கு அது கேள்வியே இல்ல. இந்தப் பக்கம் பள்ளிக்கொடத்துப் புள்ளயக் கேட்டாக்கூடச் சொல்லும். ஆனா அந்த ஏசி ரூமுல ஏழு பேரு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நின்னோம். நந்தகுமார் சார் என்னமோ ஒண்ணு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மணி அடிச்சுப் போச்சு. இப்போதைக்குச் செட்டோட வெச்சுக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. அந்த அப்புறம் வரவே இல்ல.

அவ்வளவுதானுங்க நடந்தது. நீங்க கோழியப் பெரிய செட்டுக்குக் கொண்டு போனீங்க. தேதி சின்ன செட்டுலயே நின்னுக்கிச்சு. காலிச் செட்டுக்கு எதுக்கு மணின்னு அது தன்னால அணைஞ்சு போச்சு. நீங்களாச்சும் முன்ன மாதிரி கதவுல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அதையும் எங்காளுகதான் டிரெய்னிங்ல அழிக்கச் சொன்னாங்க. மறுபடியும் தேதி பதியோணும்னு பேப்பர்ல இருக்குதுங்களே, அப்படிப் பதியறதுக்கு ஆப்புல எடமே கெடையாதுங்க. இப்பவும் கெடையாது. வேணும்னா எடுத்துப் பாருங்க.

இப்பக் கேட்டா? எழுதிக் குடுத்ததச் செஞ்சேங்கறான் அறிவு. எங்கிட்டத் தனியா யாரும் வந்து கேக்கலியேங்கறாரு நந்தகுமார் சார். நான் கூட்டத்த நடத்தறவ, முடிவு எடுக்கறவ இல்லைன்னு மேடம். ரெண்டு மணி நேரம் இப்படியே போச்சுது. கடைசில அந்த ரூமுல இல்லாத ஆளு ஒருத்தரக் கண்டுபுடிச்சாங்க. உங்களத்தான்.

நானுங்களா? வாரேன் வாரேன். சொல்லாமப் போயிருவனா?

நான் டெஸ்டருங்க. செஞ்சு முடிச்சத ஓட்டிப் பாத்து சரியா இருக்குதான்னு சொல்றவ. சுவத்துல அட்டை ஒட்டியிருக்கும், செய்யோணும், செஞ்சுட்டிருக்கறோம், முடிஞ்சதுன்னு மூணு வரிசை. நான் சரின்னாத்தான் அட்டை முடிஞ்சதுக்குப் போகும். ஊசி மணி அட்டைய நாந்தான் நவுத்துனேன். ஓட்டிப் பாத்தனுங்க, பாக்காம இல்ல. ஒரே செட்டுல வெச்சுப் பாத்தேன். ரொம்ப நல்லா அடிச்சுது.

பாவம் உனக்கும் தெரியாதில்ல சாமிங்கறீங்க. நீங்க இப்படிச் சொல்லிருவீங்களோன்னுதான் வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்.

எங்கம்மா பேரு அங்காளம்மாள்ங்க. புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு பண்ணைல பத்தொம்பது வருசமா முட்ட பொறுக்குது. பள்ளிக்கொடம் லீவுன்னா நானும் அது கூடத்தான் செட்டுல கெடப்பேன். பதினஞ்சு வாரத்துக் கோழியக் காலப் புடிச்சு, ஒரு கைக்கு மூணாத் தூக்கிட்டுப் போயிப் பெரிய செட்டுல உட்டிருக்கறேன். அதுக பீச்சற பீச்சுல பாவாடையெல்லாம் நாறும். ஆபீஸ்ல எங்கம்மா டெய்லர்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

அறிவு கேட்டப்ப நந்தகுமார் சார் என்ன சொன்னாருங்கறீங்க? அதெல்லாம் கோழிப்பீ அள்ளுனவங்களத்தான் கேக்கோணும், நம்மள்ல யாருப்பா அள்ளுனதுன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சோம். மாறும் சார்னு ஒத்த வார்த்த. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்ணா. சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. அடுத்தது என் மொறைதான் வந்துச்சு. ஏதாச்சும் தடை இருக்குதா கோகிலான்னு மேடம் கேட்டாங்க. ஒண்ணுமில்ல மேடம்னேன்.

அழுவலீங்க, வெயிலு. நீங்க கேட்டுக்குக் கிட்ட வராதீங்க, கையெல்லாம் மருந்து. பேப்பரத் தொட வேண்டாம், எங்கிட்டயே இருக்கட்டும். வண்டி சீட்டு மேல வெச்சு நானே எழுதிக்கறேன். உங்க பேர அடிச்சுட்டேன், பாருங்க. கோழி செட்டு மாறும்னு எனக்குத் தெரியும், எங்கம்மா கோழிப் பண்ணைல முட்ட பொறுக்கறாங்க... பொறுக்கறாங்களுக்கு வல்லின றதானுங்களே? ஆமா. கொஞ்சம் அக்கட்டால நில்லுங்ணா, உங்க நெழலு விழுவுது, கையெழுத்துப் போடோணும்.