வாக்கு மெய்யானவள்

— ...சாமி பல்லக்கோட முன் கம்புல நாங்க ரெண்டு பேர், பின் கம்புல ரெண்டு பேர். மத்த மூணு பேர்கிட்டயும் பேசிட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா. மேஸ்திரி தெல்மோந்து சாமி முன்னால வந்து, 'உளிய எடுத்தது மெனாத்தா'ன்னு கேப்பாரு. ஊர்ச்சபை எழுத்தர் அதை மாத்தி, 'மெனாத் வாக்கு மெய்யா'ன்னு கேப்பாரு. சாமி முன்னால வந்தா மெய், பின்னால போனா பொய். நாங்க முன்னால ரெண்டு அடி வைப்போம். முடிஞ்சது கதை.

— ஆகாது.

— என்ன ஆகாது?

— நீங்க யாரும் அடி வைக்கக் கூடாது. அந்த மாவை இப்படித் தள்ளு, பஷெத். கல்லுல ஒட்டுது.

— அக்கா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? ராஜாவோட செம்பு உளிய நீ திருடிட்டன்னு வழக்கு. சாமி பின்னால போனா மூக்கும் காதும் போகும். அதோட கூஷ் நாட்டுக் கல்லு வெட்டுற எடத்துக்குப் போயிடுவ. உன் பிள்ளைங்களைப் பாத்துக்க மச்சான் பள்ளத்தாக்குல இருந்து வருவாரா, இல்ல ராஜா கல்லறையைக் குடைஞ்சுகிட்டே இருப்பாரா?

— விழுந்துச்சு. சாமி வழக்கைச் சாமி பாத்துக்கட்டும்.

— பாரு, நான் ஏழெட்டு வருஷமா அந்தக் கம்பைத் தூக்குறேன். சாமி நடக்காதுக்கா. நாங்க நடக்குறோம். போன திருவிழாவுல கழுதை வழக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சாமி பின்னால போச்சுன்னு ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. ஏன் போச்சு தெரியுமா? பின்னால நின்னவன் காலுகிட்ட தேள். அவன் துள்ளினான், எல்லாரும் சாய்ஞ்சோம். பாவம், கழுதைக்காரன் பொய்யன்னு பேரு வாங்கிட்டான்.

— தேளை அங்க கொண்டாந்தது யாரு?

— ஐயோ, உன்கிட்ட பேச முடியாது.

— பேசாத. தண்ணிய ஊத்து.

— சரி, சாமிதான் நடத்துறாருன்னே வெச்சுக்கோ. நாங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்றோம். அதுல என்ன தப்பு? நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.

— நான் எடுக்கலைங்கிறது ஏற்கெனவே நடந்து முடிஞ்ச விஷயம், தம்பி. சாமி வந்து சொல்றதால அது உண்மை ஆகப் போறதில்ல. உண்மையா இருக்கிறதைப் பாத்துதான் சாமி சொல்லணும். நீ தள்ளிவிட்டா வர்றது உன் தீர்ப்பு. உன் தீர்ப்பை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? பிள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சவா?

— மனசுக்குள்ள இருக்கிறது ஊருக்குத் தெரியாதுக்கா. ஊருக்குக் காதுதான் உண்டு. என் தொழிலைப் பாரு. கல்லறைச் சுவருல எந்தப் பேரு எழுதினாலும் பின்னாலயே 'வாக்கு மெய்'னு ரெண்டு சொல்லு எழுதுறேன். பொண்டாட்டிய அடிச்சே படுக்க வெச்சவன் ஒருத்தன், அவனுக்கும் அழகா நீல மையில எழுதினேன். பாதாளத்துச் சபையில அவன் நெஞ்சைத் தராசுல வெச்சாங்களா, இறகைவிடக் கனமா இருந்து பொய்யன்னு தெரிஞ்சுச்சான்னு நான் கண்டேனா? சுவருல இருக்கு, அவ்வளவுதான்.

— நீ எழுதினதைப் படிச்சுட்டு அங்க உள்ள விட்டுடுவாங்கன்னு நினைக்கிறியா?

— நினைச்சாதான் கூலி வாங்க முடியும்.

— போடா.

— சிரிச்சுட்டல்ல. இப்ப நிஜத்தைச் சொல்லு. தெல்மோந்து வீட்டு உள்ளறையிலதான் செம்பு உளிப் பெட்டி இருக்கு. அவரு பொண்டாட்டி ஹுன்ரோ படுக்கையில கிடந்தப்ப நீதான் போயிப் பாத்துக்கிட்ட. வேற யாரும் உள்ள போகல. வெள்ளம் வர்றதுக்கு முன்னால அவ செத்துட்டா. இப்ப ராஜாவோட ஆளு வந்து செம்பை நிறுத்துப் பாத்தா ஒரு உளி குறையுது. நீ எடுக்கலைன்னா யாரு எடுத்தா?

— அது எனக்கு வேண்டாத பேச்சு.

— உனக்குத் தெரியும்.

— மாவு பத்தல. அந்தக் கூடையை எடு.

— அக்கா, எம் மூஞ்சியைப் பாரு. உனக்குத் தெரியும். சின்ன வயசுல நான் தேன் ஜாடியை உடைச்சப்பவும் நீ இதே மாதிரிதான் வேற பக்கம் பாத்த.

— கூடையை எடுன்னேன்ல.

— ஹுன்ரோவா?

— மெதுவாப் பேசு. பக்கத்துக் கூரையில துணி காயப் போட்டுக்கிட்டு இருக்காங்க.

— தன் வீட்டுப் பெட்டியிலயே திருடினாளா?

— திருடினான்னு சொல்லாத. ஆத்தங்கரையில இருந்து கூலித் தானியம் வராம கழுதைங்க வெறும் முதுகோட வந்துச்சே, அந்தக் காலம் ஞாபகம் இருக்கா? ஆம்பளைங்க எல்லாம் வேலையை விட்டுட்டு ராஜா கோயில் மதில்ல போய் உக்காந்து கத்திக்கிட்டிருந்தீங்க. ஹுன்ரோ ஒரு உளிய எடுத்து, துறையில ஒரு படகுக்காரிகிட்டக் குடுத்து, கோதுமை வாங்கிட்டு வந்தா. சாகப்போற நேரத்துல என்கிட்ட சொன்னா. நான் கேக்கல, அவளா சொன்னா.

— அப்ப வேலை சுலபமாச்சே. நாளைக்கு இதைச் சொல்லிடு. செத்தவளுக்கு மூக்கை அறுக்க முடியாது.

— பேரை அறுக்க முடியும்.

— பேரையா?

— நீதான் சுவருல எழுதினவன், உனக்குத் தெரியாதா? ராஜா சொத்துல கை வெச்சவன்னு தெரிஞ்சா ஆளை அனுப்பிப் பேரைச் சுரண்டி எடுத்துடுவாங்க. பேரு போனா பாதாளத்துல அவளுக்கு இடமில்ல. அதோட, இங்க ஒரு வாய் அவளுக்கு எதிரா பேசினா அது அங்க சாட்சியா நிக்கும். அவ எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா? வாயத் தொறக்க முடியாதவ மேல நான் வழக்குப் போட மாட்டேன்.

— உன் மூக்குக்கு என்ன பதில்?

— எனக்கு நாக்கு இருக்கு. நான் எடுக்கலைன்னு நானே சொல்வேன். சாமி அதை மட்டும் கேக்கட்டும்.

— சாமி தப்பாச் சொன்னா?

— கூஷ் நாட்டுக்குப் போறேன். ஆனா அவளைக் காட்டிக் குடுத்துட்டு இங்க உக்காந்து ரொட்டி சுட மாட்டேன். அந்தக் கோதுமையில என் பிள்ளைங்களும் தின்னுருக்குதுங்க, பஷெத். உன் பிள்ளைங்களும்தான்.

— என் பிள்ளைங்களா?

— இந்தத் தெருவுல திங்காத பிள்ளை எது?

— ...சரி. நான் என்ன பண்ணணும்ங்கிற?

— நாளைக்கு மத்த மூணு பேருகிட்டயும் போயி, வேண்டாம்னு சொல்லு. நீ கல்லு மாதிரி நில்லு. முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். அம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணு.

— அக்கா...

— பண்ணு.

— சத்தியம். உன் பிடிவாதத்தை எந்தத் தராசுல வெக்கிறதோ தெரியல.

*

— நான் நகரலைக்கா. சத்தியமா நகரல.

— முன்னால வந்துச்சே. ஊரே குலவை போட்டுச்சே. தாரை ஊதினாங்களே. நீ சத்தியத்தை மீறிட்ட.

— அம்மா மேல ஆணை, நான் கல்லு மாதிரிதான் நின்னேன். எழுத்தர், 'மெனாத் வாக்கு மெய்யா'ன்னு கேட்டு முடிக்கல, கம்பு என் தோளை முன்னால அழுத்துச்சு. அடி வைக்கலைன்னா மூஞ்சி குப்புற விழுந்திருப்பேன். அதனால வெச்சேன்.

— பின்னால நின்னவங்க தள்ளியிருப்பாங்க.

— நானும் அதையேதான் நினைச்சுப் போய்ச் சண்டை போட்டேன். அவங்க, 'நீங்கதாண்டா முன்னால இருந்து இழுத்தீங்க'ன்னு என்னைத் திட்டுறாங்க.

— தேளு ஏதாவது?

— சிரிக்காத. என் தோளைப் பாரு, கன்னிப் போயிருக்கு. இத்தனை வருஷம் தூக்கினேன், இப்படி ஒரு கனம் நான் கண்டதில்ல. கொஞ்சம் பீர் ஊத்து.

— வடிகட்டல. அப்படியே குடி.

— பாரு, இனிமே எவனும் உன்னை ஒரு சொல்லு சொல்ல முடியாது. சாமியே சொல்லிட்டாரு. எங்க போற?

— வாசல்ல யாரோ நிக்கிறாங்க.

— யாரு? ...மேஸ்திரியா? இங்க எதுக்கு வந்தாரு? உள்ள விடாத.

— உள்ள வாங்க ஐயா. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு.

— இருக்கட்டும், பொண்ணே. நான் நின்னுக்கிறேன்.

— எங்கக்கா மேல பழி போட்டது போதாதா மேஸ்திரி? தோத்துட்டு வீடு தேடி வேற வர்றீங்க?

— பஷெத், சும்மா இரு. ஐயா, உக்காருங்க. பாய்ல மாவு இருக்கும், தட்டிவிட்டு உக்காருங்க.

— கேளு மெனாத். என் வீட்டு உள்ளறைக்குள்ள வந்து போனது நீ ஒருத்தி. அதனால நீதான்னு நம்பினேன். வேணும்னு சொல்லல, நிஜமாவே நம்பினேன்.

— தெரியும் ஐயா. உங்க எடத்துல இருந்தா நானும் நம்பியிருப்பேன்.

— இப்ப நீ இல்லைன்னு சாமி சொல்லிடுச்சு. நீ இல்லைன்னா மிச்சம் அந்த வீட்டுல யாரு? நான். அப்புறம் அவ.

— நான் எடுக்கலைங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும் ஐயா.

— சாமி முன்னால கேக்கல. அவ புருஷனாக் கேக்குறேன்.

— புருஷனாக் கேட்டாலும் அதேதான்.

— கேளு, எடுத்தாளான்னு நான் கேக்கவே இல்ல. உன் வாயால நீ அவ பேரைச் சொல்ல வேண்டாம். அந்தப் பட்டினிக் காலத்துல நான் கோயில் மதில்ல ஆளுங்களோட உக்காந்திருந்தேன். என் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஹுன்ரோ எப்படி இருந்தா? அதை மட்டும் சொல்லு. அதுல யாருக்கும் எதிரா சாட்சி இல்லையே?

— இல்ல.

— அப்பச் சொல்லு.

— விடியறதுக்கு முன்னாலயே உங்க வீட்டுல திரிகைச் சத்தம் கேக்கும். நான் போயி மாவு பிசைவேன். பிள்ளைங்க வரிசையா வந்து சுவரோரமா உக்காந்துக்கும். சின்னதுகளுக்கு அவளே பிச்சு ஊட்டுவா. யாரும் நன்றின்னு ஒரு சொல்லு சொல்லக் கூடாது, சொன்னா அடுத்த நாள் கிடையாதும்பா.

— சாப்பிட்டாளா?

— ஐயா...

— அவ சாப்பிட்டாளா, மெனாத்?

— நான் பாக்கல.

— நானும் பாக்கல. மதில்ல இருந்து வீட்டுக்கு வருவேன். சூடா ரொட்டி இருக்கும், வெங்காயம் இருக்கும். எங்கேர்ந்துன்னு கேட்டேன். தெக்க இருந்து அண்ணன் அனுப்பினான்னா. அவளுக்கு அண்ணனே கிடையாது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்கு யோசிக்கவே இல்ல. தின்னேன். எதிருல உக்காந்து பரிமாறினா, நான் தலையை நிமிர்த்தவே இல்ல.

— பசியில யாரு நிமிர்த்துவா ஐயா?

— அவ நிமிர்த்தினாளே.

— கொஞ்சம் பீர் குடிங்க மேஸ்திரி. நான்... நான் கோவத்துல பேசிட்டேன்.

— நீ பேசினது சரிதான், பஷெத். நீ தராசு வரையிறவன். உன்னை ஒண்ணு கேக்குறேன். ஒரு பொய் எவ்வளவு கனம் இருக்கும்?

— ஒரு தட்டுல இறகு வரைவேன், இன்னொண்ணுல நெஞ்சு வரைவேன். ரெண்டும் சமமா இருக்கிற மாதிரிதான் எப்பவும் வரையச் சொல்வாங்க. சாயிற மாதிரி நான் வரைஞ்சதே இல்ல. எப்படித் தெரியும்?

— அதை எதுக்குக் கேக்குறீங்கன்னு கேளு, தம்பி. ஐயா, வேண்டாம். என்ன நினைக்கிறீங்கன்னு தெரியல, ஆனா அவசரப்படாதீங்க. ஊர்ச்சபை கலையட்டும். ஆளுங்க மறந்துடுவாங்க.

— ராஜா செம்பை யாரும் மறக்க மாட்டாங்க, பொண்ணே. நீ இல்லைன்னதும் சபையில எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பாத்தாங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வந்ததும், அப்ப யாருன்னு எழுத்தர் கேட்டாரு. கூட்டத்துல யாரோ ஒருத்தி ஹுன்ரோ பேரை முணுமுணுத்தா. என் காதுல விழுந்துச்சு.

— நான் இல்ல ஐயா.

— நீ இல்லைன்னு தெரியும். மூக்கு போற நேரத்துலயும் வாயத் தொறக்காதவ நீ. பஷெத், எனக்குன்னு குடைஞ்சு வெச்ச கல்லறைச் சுவருல எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி முடிச்சுட்டியா?

— எப்பவோ முடிச்சாச்சு மேஸ்திரி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கீங்க. நீல மை, நல்ல மை.

— என் பேருக்குப் பின்னால இருக்கிற 'வாக்கு மெய்'ங்கிற ரெண்டு சொல்லையும் இன்னிக்கே அழிச்சுடு. என் பேரையும் சேத்தே அழிச்சுடு. அவளோடது அப்படியே இருக்கட்டும்.

— எதுக்கு? கல்லறையில சொந்தப் பேரை அழிக்கச் சொல்ற ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— எழுத்தரோட ஆளு வந்து அழிச்சான்னா அவசரத்துல சுரண்டுவான். அவ பேரு ஓரத்துலயும் உளி பட்டுடும். நீன்னா பாத்துச் செய்வ.

— எழுத்தரோட ஆளு ஏன் வரணும் மேஸ்திரி?

— சாமி முன்னாலயே கையைத் தூக்கி, ராஜாவோட உளிய எடுத்து வித்தவன் நான்தான்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வர்றேன்.