ஆறு என்று எழுதிய நட்சத்திரம்

நெல்லித்தோப்பில் என் வீட்டிலிருந்து மூலக்குளத்துக்குச் சைக்கிளில் போனால் இருபது நிமிடம். எதிர்காற்று இருந்தால் இருபத்தைந்து. கடைசி ஒரு வருடமாக நான் பேருந்தில்தான் போய்வந்தேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, கண் மங்கிவிட்டது. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. முதல் என்றால் இதுதான்.

என் பெயர் அருளானந்தம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இல்லை, மனைவி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு நட்சத்திரம் பார்ப்பது. சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அன்றைக்கு அது எவ்வளவு வெளிச்சமாக இருந்தது என்று ஓர் எண் எழுத வேண்டும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று பொருள். இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தேன். வெளிநாட்டில் ஒரு சங்கம் இருக்கிறது. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் எழுதுவதை அது சேர்த்து வைக்கிறது. அங்கே எனக்கு மூன்றெழுத்துக் குறிப்பெயர் உண்டு. பதினாலாயிரம் அளவுகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தேன். இன்று போய்க் கேட்டால் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

கிருஷ்ணசாமிக்கு வீடு மூலக்குளத்தில், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அவருக்கும் இதே பைத்தியம். பன்னிரண்டு வருடப் பழக்கம். என்னை, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்வதுபோல, முசே என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கம்ப்யூட்டர் வராது என்பதால் மாதக் கடைசியில் என் நோட்டை அவரிடம் கொடுத்துவிடுவேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தன்னுடையதையும் என்னுடையதையும் அவரே தட்டி அனுப்புவார். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. பார்த்தால் நம் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அது எங்களுக்குள் இருந்த ஒழுங்கு.

கண் மங்கியபோது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெரும்பாலான நட்சத்திரங்கள் ஒரே தாளத்தில் கூடிக் குறைபவை. பழைய நோட்டுகளைப் பார்த்தால் இந்த மாதம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம். அப்படி நான் எழுதியவை பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். வடமகுடக் கூட்டத்தில் ஆர் என்று ஒரு நட்சத்திரம். அதற்கு நோட்டுகூடத் தேவையில்லை. வருடக்கணக்காக ஆறிலேயே நிற்கும். எப்போதாவது, யாரும் எதிர்பாராத ஒரு நாளில், மங்கத் தொடங்கும். 2007 ஜூலையில் அது மங்கத் தொடங்கியது.

மாதக் கடைசியில் கிருஷ்ணசாமி இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒரே இரவு. அவர் ஏழரை என்று எழுதியிருந்தார், நான் ஆறு. அடுத்த இரவும் அப்படியே. அவர் குற்றம் சாட்டவில்லை. “யார் கண்ணு முசே தப்பு?” என்று கேட்டார், அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய அப்பாவுக்கு அதனாலேயே பார்வை போனது. அது எனக்குத் தெரியும். “எனக்கு அது ஆறுலதான் தெரியுது. நீங்க எதுக்கும் கண்ணக் காட்டுங்க,” என்றேன். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். இல்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அங்கேயே உட்கார்ந்து தன் ஏழரைகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் ஆறு என்று எழுதினார். அனுப்பியதும் அதைத்தான்.

கண் டாக்டர் அவருக்கு ஒன்றுமில்லை என்றார். ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே பிடிபடாது என்று நான் சொன்னேன். அடுத்த சில நாட்களில் அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டார். நுணுக்கமான வேலையைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவதாகச் சொன்னார். ஆகஸ்டில் அந்த நட்சத்திரம் பைனாகுலருக்கே தெரியாமல் போனது. ஒவ்வொரு மாலையும் போன் செய்து, தெரிகிறதா முசே என்று கேட்பார். தெரிகிறது என்பேன். சரி என்று போனை வைத்துவிடுவார்.

பதினோராம் தேதி சனிக்கிழமை, வேறு ஒன்று சொன்னார். “திங்கக்கிழமை சென்டருக்குப் போயி மத்தவங்க என்னா எழுதியிருக்காங்கன்னு பாத்துடறேன். ஒழுங்கு தப்புதான். ஆனா கண்ணு போயிடுச்சான்னு தெரிஞ்சாவணும்.”

நானும் அவர் நிலையில் இருந்தால் அதையே செய்திருப்பேன். பார்த்திருந்தால் தப்பு என் நோட்டில்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நேர்மையான மனிதர், சங்கத்துக்கு எழுதியிருப்பார். சங்கத்தில் அந்த ஒரு வருடத்தை மட்டும் நீக்கமாட்டார்கள். எது மெய், எது பொய் என்று தெரியாதபோது மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மூலக்குளம் போனேன். அவர் வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய படிக்கட்டின் மேல்பகுதியை இடித்திருந்தார்கள். படிக்கும் மொட்டைமாடிக்கும் நடுவில் நாலடி இடைவெளி, மேலே ஒரு பலகை, கீழே ஜல்லி, படியோரம் மணல் குவியல். அமாவாசை. அந்தப் பக்கம் தெருவிளக்கும் கிடையாது. அவர் மனைவி ஆதிலட்சுமி கீழே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழே முக்கால் இருக்கும். கிருஷ்ணசாமி ஈசிசேரில் சாய்ந்து, பைனாகுலரை உச்சிக்குத் தூக்கிப் பிடித்து, அந்த இடத்தையே துழாவிக்கொண்டிருந்தார். பலகையை நகர்த்தக் கண் தேவையில்லை. காலால் தள்ளினேன்; படிப்பக்கம் மணல் குவியலில் சத்தமில்லாமல் சரிந்தது. பத்து நிமிடம் கழித்து அவர் பைனாகுலரை இறக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு நுட்பமாக அப்போது எனக்குப் பார்வை இல்லை. கீழே போகலாம் என்றார்.

ஓரத்தில் வந்து நின்றார். “முசே, பலகை தெரியலியே.”

இருட்டில் கண் கூசாமலிருக்கச் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச் என் சட்டைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. “இருக்குது. எனக்குத் தெரியுது. கால வைங்க,” என்றேன்.

அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனாலும் என் கண்ணை நம்பிக் காலை வைத்தார்.

உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தபோது, அவருக்குக் கொஞ்ச நாளாகவே பார்வை சரியில்லை, அவர் கால் இடறிப் பலகையும் மணல் பக்கம் சரிந்துவிட்டது என்று சொன்னேன். ஆதிலட்சுமியும் ஆமாம் என்றார். பார்வைக் குறைவால் தவறி விழுந்து இறந்தார் என்று எழுதி முடித்தார்கள். நான் அவரைத் தொடவே இல்லை என்பதால் அதைப் பெரிய பொய்யாக அப்போது நினைக்கவில்லை.

அக்டோபரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஆதிலட்சுமி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது என்று விசாரித்தார். ஒரு வருடத்துக்கு மேலாக என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பழப்பையின் வாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“டாக்டரு அவருக்குக் கண்ணு நல்லாருக்குதுன்னாரு. நீங்கதான் இல்லன்னீங்க.”

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“அன்னிக்கி நீங்க சொன்னது கீழ எனக்குக் கேட்டுச்சிண்ணே. இருக்குது, எனக்குத் தெரியுதுன்னீங்க. இருட்டுல தடுமாறிச் சொல்லிட்டீங்கன்னுதான் இத்தினி நாளு நெனச்சேன். கண்ணே தெரியாதவரு எப்பிடிச் சொன்னீங்க?”

அவர் சத்தம் போடவில்லை. பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நேராக உங்களிடம்தான் வருவார் என்று தெரியும். நான் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைத் தள்ளியது நான். இருக்கிறது என்று சொன்னதும் நான். அவர் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். கொலை என்றே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அதற்கு மேலே, அளவுகளைப் பொய்யாக எழுதி வந்தவன் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. எனக்கு அது ஆறாகத்தான் தெரிந்தது.